அணையே கட்டாத சின்ன மின்திட்டத்தை ஊர் ஏன் எதிர்க்குது?

கேள்வி, மார்ச் 2, காலை

சிறு நீர்மின் திட்டம்னா பெரிய அணை கிடையாது, ஊர் மூழ்காது, யாரையும் காலி பண்ண வேண்டாம். ஓடைத் தண்ணியை கொஞ்ச தூரம் பைப்புல கொண்டுபோய் டர்பைன்ல விட்டுட்டு திரும்ப அதே ஆத்துல விட்டுடறாங்க. ஒரு சொட்டு குறையாது. நிலக்கரி வேண்டாம், புகை வேண்டாம்னு பேசற நாமளே இதையும் எதிர்த்தா அப்புறம் கரண்டுக்கு எங்க போறது? கிராமத்து ஆளுங்களை யாரோ தூண்டி விடறாங்கன்னுதான் எனக்குப் படுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்ச் 2, இரவு

ஒரு சொட்டு குறையாதுங்கறது சரிதான், பவர்ஹவுஸுக்குக் கீழ நின்னு பாத்தா. ஆனா ஊர் அங்க இல்லையே. மேல ஒரு தடுப்பு போட்டு தண்ணியை மறிச்சு, மணல் படிய ஒரு தொட்டில விட்டு, வாய்க்கால்லயோ சுரங்கத்துலயோ மலையோரமா மட்டமா கொண்டுபோய், அங்கேருந்து செங்குத்தா இரும்புக் குழாய்ல இறக்கறாங்க. தடுப்புக்கும் பவர்ஹவுஸுக்கும் நடுவுல ஓடை தன் வழில மூணு கிலோமீட்டரோ ஏழு கிலோமீட்டரோ போகும், அந்தத் துண்டுதான் காயறது. வயலுக்குப் பிரியற வாய்க்கால், துணி துவைக்கற துறை, மாடு இறங்கற இடம் எல்லாம் பெரும்பாலும் அந்தத் துண்டுலதான் இருக்கும். தண்ணி திரும்பி வர்ற இடம் ஊரைத் தாண்டி கீழ.

தூண்டி விடறாங்கன்னு ஆரம்பிக்காதீங்க. நான் ஆறு வருஷம் இந்த வேலைல இருந்தவன், அதுவும் திட்டம் போடறவங்க பக்கத்துல. நாளைக்கு எழுதறேன்.

மார்ச் 3, மதியம்

முதல்ல கணக்கு. ஒரு விநாடிக்கு ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் தண்ணி, 100 மீட்டர் உயரத்துலேருந்து விழுந்தா 981 கிலோவாட். உயரம் கூடினா தண்ணி கம்மியா போதும், அதனாலதான் மலை ஓடையைத் தேடிப் போறாங்க. 5 மெகாவாட் திட்டம், 200 மீட்டர் உயரம்னா விநாடிக்கு இரண்டரை கன மீட்டர் வேணும்.

"சின்ன"ங்கற வார்த்தைக்கு ஊருக்கு ஊர் ஒரு அர்த்தம். இந்தியால 25 மெகாவாட் வரைக்கும் சிறு திட்டம், பிரேசில்ல 30, சீனால 50. எல்லாமே மெகாவாட் கணக்கு, டர்பைனோட அளவு. ஓடைல எத்தனை கிலோமீட்டர் காயுதுன்னோ கோடைத் தண்ணில எத்தனை பங்கு குழாய்க்குள்ள போகுதுன்னோ எந்த வரையறையும் கேக்கறது இல்ல. பெரிய ஆத்துல அஞ்சு மெகாவாட் போட்டா கண்ணுக்கே தெரியாது, சின்ன ஓடைல அதே அஞ்சு மெகாவாட் போட்டா ஓடையே இருக்காது. ஊர்க்காரங்க சண்டை இந்த இடத்துலதான் ஆரம்பிக்குது, நம்ம ஆளுங்க இதைத்தான் கேக்க மாட்டேங்கறாங்க.

மார்ச் 3, இரவு

மேல எழுதின இரண்டரை தப்பு. அது இழப்பே இல்லாத கணக்கு. குழாய்லயும் டர்பைன்லயும் போற இழப்பைக் கழிச்சு 85 சதவீதம்னு வச்சா 3 கன மீட்டர், விநாடிக்கு 3000 லிட்டர். சுட்டிக் காட்டினவருக்கு நன்றி. இந்த 3000 நமக்கு பின்னாடி தேவைப்படும், ஞாபகம் வச்சுக்கோங்க.

மார்ச் 5, இரவு

என் வேலை ஓடைல தண்ணி அளக்கறது. குறுக்க கயிறு கட்டி, முழங்கால் தண்ணில நின்னு, அரை மீட்டருக்கு ஒரு இடத்துல ஆழம் பாத்து, சின்ன விசிறி மாதிரி இருக்கற, தண்ணி வேகம் அளக்கற கரண்ட் மீட்டரை உள்ள விட்டு எத்தனை சுத்துன்னு எண்ணிட்டே போகணும். ஒரு ஓடைக்கு இருபது தடவையாவது போகணும், வருஷம் பூரா போகணும், ஆனா யாரும் அவ்ளோ நாள் குடுக்க மாட்டாங்க.

ஒரு ஓடைக்கு மழை முடிஞ்ச மூணாவது வாரம் போயிருந்தோம். கரைல ஒரு அம்மா ரொம்ப நேரமா நின்னு பாத்துட்டே இருந்தாங்க. "தம்பி, என்ன எண்ணறீங்க?"ன்னாங்க. எவ்ளோ தண்ணி ஓடுதுன்னு பாக்கறேம்மான்னேன். "இப்ப எண்ணி என்ன ஆகப்போகுது, நாலு மாசம் கழிச்சு வாங்க"ன்னுட்டு என்னை வளைவுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போய் ஒரு பாறையைக் காட்டினாங்க. இடுப்பு உயரத்துல காஞ்ச பாசிக்கோடு. அது மழைக்காலத்துத் தண்ணி. அன்னைக்குத் தண்ணி அதுக்கு ஒரு முழம் கீழ ஓடிட்டு இருந்துச்சு. அவங்க குனிஞ்சு தண்ணிக்குள்ள கையை விட்டு, என் கையையும் இழுத்து உள்ள வச்சாங்க. பாறைல விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு, உளியால அடிச்சது, ஓரமெல்லாம் தேஞ்சு வழுவழுன்னு இருந்துச்சு. கோடைல தண்ணி அந்த வெட்டுக்குக் கீழ இறங்கிட்டா மேல் வயல்காரங்க ஒருநாள் விட்டு ஒருநாள் மடையை அடைக்கணும், அப்பதான் கீழ் வயலுக்குப் பாயும். அவங்க மாமனாருக்கும் முன்னாடி யாரோ வெட்டினது. வருஷா வருஷம் ரெண்டு பக்கமும் வந்து பாத்துட்டுத்தான் மடையைத் தொடுவாங்களாம்.

நான் அந்தப் பாறையை ரிப்போர்ட்ல எழுதலை. கோடை மாசத்து அளவெல்லாம் வேற ஒரு ஓடைல எடுத்தது, நீர்ப்பிடிப்புப் பரப்பு விகிதத்தால பெருக்கி இந்த ஓடைக்குன்னு போட்டோம். அந்த முறை தப்புன்னு சொல்ல மாட்டேன், எல்லாரும் பண்றதுதான். ஆனா அந்தப் பக்கத்துல கையெழுத்து என்னோடது, அந்த ஓடையை நான் கோடைல பாத்ததே இல்ல. இதை நான் யார் மேலயும் தள்ள முடியாது.

மார்ச் 6, காலை

"மக்கள் கருத்துக் கேட்பு கூட்டத்துல சொல்ல வேண்டியதுதானே"ன்னு கேட்டிருக்கீங்க. எந்தக் கூட்டம்? இந்தியால 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 25 மெகாவாட்டுக்குக் கீழ இருந்தா நீர்மின் திட்டத்துக்கு சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்ல. அனுமதி இல்லன்னா மதிப்பீடு இல்ல, மதிப்பீடு இல்லன்னா கூட்டமும் இல்ல. 25க்கு ஒரு நூல் கம்மியா வந்து நிக்கற திட்டங்களை நானே பாத்திருக்கேன். ஒரே ஓடைல வரிசையா நாலு போட்டாலும் ஒவ்வொண்ணும் தனித்தனியா "சின்னது". மேல் பவர்ஹவுஸ் விடற தண்ணியை நூறு அடி தள்ளி அடுத்த தடுப்பு பிடிச்சுக்கும், ஓடை வெளிச்சத்தையே பாக்காது.

பேச இடம் குடுக்காம மெஷினை இறக்கினா மக்கள் எங்க போய் பேசுவாங்க? ரோட்டுலதான் நிப்பாங்க.

மார்ச் 6, மாலை

காலைல எழுதினதுல ஒரு திருத்தம். எந்த அனுமதியுமே வேண்டாம்ங்கற மாதிரி தொனிச்சிருச்சு, அது சரியில்ல. காட்டு நிலம்னா வன அனுமதி தனியா வேணும். 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு இதுல ஒரு பிடி குடுக்குது, பல ஊர்கள் அதைப் பிடிச்சுத்தான் நிக்கறாங்க. ஹிமாச்சல்ல சம்பா மாவட்டத்துல ஹுல் ஓடை, திட்டம் வெறும் 4.5 மெகாவாட், சுத்துப்பட்டு ஊர்க்காரங்க பல வருஷம் விடாம எதிர்த்தாங்க. குடிக்கறது, பாசனம், மாவரைக்கற நீராலை எல்லாத்துக்கும் அந்த ஒரே ஓடைதான்.

மார்ச் 8

"இதெல்லாம் நம்ம நாட்டுல மட்டும்தான்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். போஸ்னியால க்ரூஷ்சிட்சான்னு ஒரு ஊர், அதே பேர்ல ஆறு. ரெண்டு சின்ன மின்நிலையம் கட்ட வந்தாங்க. 2017 ஆகஸ்ட்ல ஊர்ப் பொம்பளைங்க போய் பாலத்துல உக்காந்துட்டாங்க. ஆம்பளைங்க நின்னா போலீஸ் அடிக்கும், பொம்பளைங்க மேல கை வைக்காதுன்னு நினைச்சாங்க. அந்த மாசமே அடிச்சு இழுத்துப் போட்டாங்க. திரும்பி வந்து உக்காந்தாங்க. ஷிஃப்ட் போட்டு ராத்திரி பகலா, பனிலயும், 503 நாள். 2018 டிசம்பர்ல அனுமதி ரத்தாச்சு. அதை நடத்தினவங்கள்ல ஒருத்தர் மைதா பிலால், 2021ல கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது வாங்கினவர்.

503 நாள்ங்கறதை படிச்சுட்டு தாண்டிடாதீங்க. ஒன்றரை வருஷம். வேலைக்குப் போகணும், புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பணும், ராத்திரி இவங்க முறைன்னா குளிர்ல பாலத்துக்குப் போகணும். யாராவது தூண்டி விட்டா ஒரு வாரம் உக்காரலாம்.

ஒரு ஊரோட நிக்கலை. பக்கத்து செர்பியால 2021ல பாதுகாக்கப்பட்ட இடங்கள்ல நீர்மின் நிலையம் கட்டத் தடை வந்துச்சு, போஸ்னியாவோட ஃபெடரேஷன் பகுதில 2022ல புது சிறு நீர்மின் நிலையங்களுக்கே தடை.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "காலநிலைக்கு என்ன பதில்"னு கேட்டிருக்கார். நியாயமான கேள்வி, நான் இன்னும் பதில் சொல்லலை. கணக்கு போட்டுட்டு வரேன்.

மார்ச் 11, நள்ளிரவு

கணக்குக்கு முன்னாடி இதை எழுதிடறேன், இல்லன்னா தூக்கம் வராது.

சட்டத்துல "குறைந்தபட்ச ஓட்டம்"னு ஒண்ணு இருக்கு, தடுப்புலேருந்து கொஞ்சம் தண்ணியை ஓடைல விட்டே ஆகணும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017ல எல்லா ஆத்துக்கும் வறண்ட காலச் சராசரி ஓட்டத்துல 15லேருந்து 20 சதவீதம் இருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. காகிதத்துல நல்லா இருக்கு. ஓடிட்டு இருந்த ஒரு நிலையத்துக்கு அளவு சரிபாக்கப் போனேன், எந்த நிலையம்னு சொல்லப் போறதில்ல. தடுப்போட அடில அந்தத் தண்ணிக்குன்னு ஒரு குழாய் வச்சிருந்தாங்க. உள்பக்கம் வாய்ல இலையும் கூழாங்கல்லும் அடைச்சு ஒரு மரக்கிளை குறுக்க மாட்டியிருந்துச்சு. வெளிய கசிவு மட்டும், ஒரு பக்கெட் ரொம்ப நேரமாகும். பதிவேட்டை எடுத்துப் பாத்தா தினமும் "திறந்துள்ளது"ன்னு ஒரே கையெழுத்துல வரிசையா எழுதியிருக்கு. பொய்யும் இல்ல. வால்வு திறந்துதான் இருந்துச்சு.

தோள் வரைக்கும் கையை விட்டு கிளையை உருவினேன். பீறிட்டு வந்துச்சு தண்ணி, மண்ணு கலரு. அதைப் பின்தொடர்ந்து கீழ நடந்தேன். முப்பது நாப்பது அடி ஓடுச்சு, அப்புறம் கல்லுக்கடில இறங்கிக் காணாம போச்சு. படுகை அவ்ளோ காஞ்சிருந்துச்சு. ஒரு குழில முழங்கை நீளத்துக்குத் தண்ணி தேங்கி, அதுல விரல்கடை மீனுங்க வாயைத் திறந்து திறந்து மேல வந்துட்டு இருந்துச்சு. நான் பாக்கும்போதே அந்தத் தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு. அந்த வருஷம்தான் வேலையை விட்டேன்.

மார்ச் 12

சரி, கணக்கு. நம்ம 5 மெகாவாட் திட்டம், முழுசா ஓட விநாடிக்கு 3000 லிட்டர். கோடைல அந்த ஓடைல 400 லிட்டர்தான் ஓடுதுன்னு வச்சுக்கோங்க. 15 சதவீதம், 60 லிட்டரை ஓடைக்கு விட்டுட்டு மிச்சம் 340ஐ டர்பைன் எடுத்துக்கும். பெல்டன் மாதிரி டர்பைன் பத்துல ஒரு பங்கு தண்ணிலகூட சுத்தும், அதான் அதோட பெருமை. அந்த 340 லிட்டர் குடுக்கறது சுமார் 570 கிலோவாட். அரை மெகாவாட்டுக்கு கொஞ்சம் மேல.

ஊர் உயிரா பிடிச்சுட்டு இருக்கற தண்ணி அந்த 340தான். கோடை நாலு மாசம் மெஷினை நிறுத்திட்டு முழுத் தண்ணியையும் ஓடைல விட்டா எவ்ளோ மின்சாரம் போகும்? நாலு மாசத்துக்கு சுமார் 1600 மெகாவாட் மணி. வருஷம் பூரா சராசரி 45 சதவீதம் ஓடற நிலையம்னா மொத்தம் 19,700 பக்கம். ஆக எட்டு சதவீதம். காலநிலையைக் காப்பாத்தறதுக்கு அந்த எட்டு சதவீதமும் ஓடைலேருந்துதான் வரணுமா? வெயில் கொளுத்தற மாசத்துல சோலார் அதை ஈடுகட்டும்.

மார்ச் 13

நேத்து போட்ட கணக்குல ஒரு ஓட்டை இருக்கு, நானே சொல்லிடறேன். எல்லா யூனிட்டுக்கும் ஒரே மதிப்பு இல்ல. நேபாளத்துல வறண்ட மாசத்து யூனிட்டுக்கு வாங்கறவங்க கூடுதல் விலை குடுக்கறாங்க, ஏன்னா அப்பதான் தட்டுப்பாடு. அந்த மாதிரி இடத்துல எட்டு சதவீத மின்சாரம் எட்டு சதவீத வருமானத்தை விட கூட. அப்ப ஊருக்கும் மெஷினுக்கும் ஒரே நேரத்துல தாகம் எடுக்குது. அதனால "நாலு மாசம் நிறுத்து"ங்கறது எல்லா இடத்துக்கும் சுலபமான பதில் இல்ல. ஆனாலும் இந்தப் பேச்சையே யாரும் ஊரோட உக்காந்து பேசறது கிடையாது, அதுதான் என் ஆத்திரம்.

இன்னொண்ணு, அளவு மட்டும் பாக்காதீங்க. வாய்க்கால் வாய்க்கு தண்ணி ஏறணும்னா ஓடைல மட்டம் வேணும். மட்டம் ஒரு சாண் இறங்கினாலே போதும், ஓடைல தண்ணி ஓடிட்டேதான் இருக்கும், வாய்க்கால் வாய் மட்டும் மேல அந்தரத்துல நிக்கும். சுரங்கம் வெடி வச்சுத் தோண்டற இடத்துல பாறை வெடிப்பு வழியா ஊத்துத் தண்ணி உள்ள இறங்கி மேல இருக்கற ஊத்து காஞ்சு போறதும் உண்டு. அது டிபிஆர்ல, அதாவது விரிவான திட்ட அறிக்கைல, எந்தக் கட்டத்துலயும் வராது.

மார்ச் 15

மீனைப் பத்தி எழுதினதுலேருந்து ஒரு விஷயம் மனசுல சுத்திட்டே இருக்கு. பிரேசில்ல ஜுருவேனா ஆத்துப் படுகைல எனவேனே நவேன்னு ஒரு பழங்குடி. யாவொக்வான்னு அவங்களுக்கு மாசக்கணக்கா நடக்கற ஒரு சடங்கு. அதுக்கு ஓடைல மரத்தாலயே தடுப்பு கட்டி மீன் பிடிப்பாங்க. தடுப்பு கட்டறதே அவங்களுக்குத் தெரிஞ்ச வேலை, ஆனா சடங்கு முடிஞ்சா அந்தத் தடுப்பு நிக்காது. அந்தப் படுகைல வரிசையா சிறு நீர்மின் நிலையங்கள் வந்துச்சு. 2008 அக்டோபர்ல அவங்க ஒரு கட்டுமான இடத்துக்குள்ள புகுந்து கொளுத்தினாங்க. அடுத்த வருஷம் மீன் வரலை, வளர்ப்பு மீனைக் கொண்டுவந்துதான் சடங்கு நடந்துச்சு. 2011ல யுனெஸ்கோ அந்தச் சடங்கை உடனடியா காப்பாத்த வேண்டிய மரபுகள் பட்டியல்ல சேர்த்துச்சு.

கொளுத்தினது சரியான்னு கேட்டா நான் கொளுத்த மாட்டேன். ஆனா இழப்பீடுன்னு ஒரு தொகையை நீட்டினா முடிஞ்சு போற விஷயம் இல்ல அது.

மார்ச் 16

"சின்ன திட்டம், சின்ன தகராறு"ன்னு எழுதினவருக்கு மட்டும். குவாத்தமாலால பரில்லாஸ்ங்கற ஊர்ல திட்டத்தோட அளவு 5 மெகாவாட். 2012 மே மாசம் எதிர்ப்பாளர் ஒருத்தர் சுட்டுக் கொல்லப்பட்டு, ஊர் கொந்தளிச்சு, அரசு ராணுவத்தை இறக்கி, நெருக்கடி நிலை மாதிரி முற்றுகை நிலையே அறிவிச்சுது. 2016ல கம்பெனி திட்டத்தைக் கைவிட்டுச்சு. ஹோண்டுராஸ்ல குவால்கார்கே ஆத்துல சுமார் 22 மெகாவாட், நம்ம கணக்குல அதுவும் சிறு திட்டம்தான். அங்க வாழற லென்கா பழங்குடி மக்கள் 2013ல ரோட்டை மறிச்சாங்க. அவங்களோட நின்ன பெர்தா காசெரஸை 2016 மார்ச்ல வீட்டுக்குள்ள புகுந்து சுட்டாங்க. அப்புறம்தான் கடன் குடுத்த ஐரோப்பிய வங்கிகள் விலகினாங்க.

ஒரு உசிரு போனப்புறம்தான் டிபிஆரைத் திரும்ப எடுத்துப் படிக்கறாங்க.

மார்ச் 19

கொஞ்சம் நிதானமா. நான் எழுதினதையெல்லாம் திரும்பப் படிச்சா ஊர்னா ஒரே குரல்ங்கற மாதிரி இருக்கு. அப்படி கிடையாது. நான் போன எல்லா ஊர்லயும் ரெண்டு பக்கம் இருந்துச்சு. ஓடைக்கரைல நிலம் இல்லாதவங்களுக்கு கட்டுமானக் கூலி பெரிய விஷயம், ரோடு வரும்னு ஆசை. ஓடை காயற துண்டுல வயல் இருக்கறவங்க எதிர்ப்பாங்க, தடுப்புக்கும் மேல நிலம் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அண்ணன் தம்பி பேசாம போன வீடு தெரியும் எனக்கு. அந்த விரிசலை உண்டாக்கறதும் திட்டம் வர்ற விதம்தான். யாரோ ரெண்டு பேரைப் பிடிச்சு கையெழுத்து வாங்கிட்டு "ஊர் ஒத்துக்கிச்சு"ன்னு எழுதிடறாங்க.

டர்பைன் மேலயும் எனக்குக் கோபம் இல்ல. பாலக்காடு மாவட்டப் பஞ்சாயத்தே மீன்வல்லத்துல 3 மெகாவாட் நிலையம் கட்டி 2014லேருந்து ஓட்டுது. நேபாள மலைல 100 கிலோவாட்டுக்கும் குறைவான நிலையங்களை ஊரே சேந்து வாய்க்கால் வெட்டி, ஊரே கம்பி இழுத்து நடத்தறாங்க. இலங்கைலயும் மலைக்கிராமங்கள்ல ஊர்ச் சங்கமே நடத்தின நிலையங்கள் நிறைய. அங்க கோடைல தண்ணி குறைஞ்சா சங்கம் கூடி பகல்ல வயலுக்கு, ராத்திரி விளக்குக்குன்னு பிரிச்சுக்கலாம். முடிவு அவங்க கைல இருக்கு, மதகுச் சாவியும் அவங்க கைல இருக்கு. நார்வேல ஓடைத் தண்ணி விழறதைப் பயன்படுத்தற உரிமையே கரை நிலத்துக்காரருக்குச் சொந்தம், கம்பெனி அவங்களோட ஒப்பந்தம் போட்டுத்தான் உள்ள வர முடியும், அதனால அங்க விவசாயிங்களே திட்டம் கேக்கறாங்க.

மார்ச் 20

நார்வே பத்தி ரொம்ப இனிப்பா எழுதிட்டேன். அங்கயும் மீனுக்காகவும் அருவிக்காகவும் எதிர்க்கறவங்க இருக்காங்க. நிலத்துக்காரர் சரின்னா ஓடை பிழைச்சுடும்னு அர்த்தம் இல்ல. கரைல நிலம் இல்லாம தண்ணியை மட்டும் நம்பியிருக்கறவங்களுக்கு அந்த முறைல பேச்சே கிடையாது. நான் முந்தாநாள்... இல்ல, நேத்து எழுதின கூலிக்காரங்களும் அதுல வர மாட்டாங்க. அதனால சொந்தம்ங்கறது பாதிதான். மிச்சப் பாதி அந்தப் பாறைல இருந்த வெட்டு மாதிரி ஒண்ணு, எல்லாரும் வந்து கண்ணால பாக்கக்கூடிய அளவு. இணையத்துல யாரோ ஏத்தற எண் எனக்குப் போதாது. தடுப்புக்குக் கீழ ஒரு அளவுப் பலகை நட்டு, கோடு போட்டு, தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழ போனா மெஷின் நிக்கணும்னு ஒப்பந்தத்துல எழுதணும், நிறுத்தற உரிமை ஊருக்கு இருக்கணும்.

ஏப்ரல் 3

முதல் கேள்வி கேட்டவர் தனியா எழுதியிருந்தார், அவர் சொந்தக்காரர் ஒருத்தர் அந்த மாதிரி திட்டத்துல பங்கு போடப் போறாராம், டிபிஆரை அனுப்பினா பாத்துச் சொல்ல முடியுமான்னு. பாக்கறேன். முழுசா அனுப்ப வேண்டாம், நானூறு பக்கம் வரும். மாசவாரி ஓட்டம் போட்டிருக்கற அட்டவணை, அதுக்கு அடில சின்ன எழுத்துல எந்தத் தேதில அளந்தாங்கன்னு ஒரு வரி இருக்கும், அந்தப் பக்கம் போதும். அந்த வரி இல்லன்னா இந்த மாசமே நேர்ல போய் ஓடைல இறங்கி நிக்கச் சொல்லுங்க. ஊர்ல யாரையாவது கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, தண்ணி வழக்கமா எது வரைக்கும் இறங்கும்னு அவங்க காட்டுவாங்க.